அரிசி இலவசம், கீரைக்கு யார் காசு தருவது? ரேஷன் அட்டைக்குள் ஒளிந்திருக்கும் சர்க்கரை நோய்க் கணக்கு

பத்து ரூபாயோடு தெருமுனைப் பெட்டிக்கடைக்குப் போனால் என்னென்ன வாங்கலாம்? ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட். இல்லைன்னா ஒரு சிப்ஸ் பாக்கெட். அதே பத்து ரூபாயோடு காய்கறிக் கடைக்குப் போனால்? பல ஊர்களில் ஒரு கட்டு முளைக்கீரைகூட வராது. முட்டை என்றால் ஒன்று வரும். ஆப்பிள், மாதுளை பக்கம் திரும்பவே வேண்டாம்.

"சாதத்தைக் குறைச்சுட்டு காய்கறி, பருப்பு, முட்டை நிறைய சேர்த்துக்கோங்க." சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று அரசு மருத்துவமனைக்குப் போகும் யாருக்கும் கிடைக்கிற அறிவுரை இது. தவறே இல்லாத அறிவுரைதான். ஆனால் அதைக் கேட்டுவிட்டு வெளியே வருபவரின் வீட்டுக்கு அரிசி சும்மா வருகிறது, மற்றதெல்லாம் காசு கொடுத்தால்தான் வருகிறது. குறைக்கச் சொல்வது இலவசமாகக் கிடைப்பதை, கூட்டச் சொல்வது விலை ஏறிக்கொண்டே போவதை. இதில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

ஆரோக்கியமான உணவு என்றால் விழிப்புணர்வுப் பிரச்னை என்றுதான் பொதுவாகப் பேசப்படுகிறது. ரீல்ஸ், வாட்ஸ்அப் ஃபார்வர்டு, டயட் சார்ட் எல்லாம் அதைத்தான் சொல்கின்றன. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது முதலில் விலைப் பிரச்னை. அந்த விலையில் ஒரு பகுதியைத் தீர்மானிப்பது அரசுதான்.

பசியை வென்ற ஊரில் வந்த நோய்

ஐ.நா.வின் உணவு, வேளாண் அமைப்பு ஒவ்வோர் ஆண்டும் ஒரு கணக்கு போடுகிறது. ஒரு நாட்டில் கிடைக்கும் உணவுகளிலேயே விலை குறைவானவற்றைப் பொறுக்கியெடுத்து, சத்தான சாப்பாடு ஒன்றைச் சேர்த்தால் எவ்வளவு செலவாகும், அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அது. 2024-ல் வந்த அறிக்கையின்படி, 2022-ல் இந்தியர்களில் 55.6% பேரால் அந்தச் சாப்பாட்டை வாங்க முடியவில்லை. கவனிக்க வேண்டிய விஷயம், இது பட்டினிக் கணக்கு கிடையாது. வயிறு நிறைந்தும் சத்து நிறையாதவர்களும் இதற்குள் வருகிறார்கள்.

தமிழ்நாடு பெரும்பாலும் அந்த இரண்டாவது வகை. ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் இங்குள்ள பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் 40.4% பெண்கள் அதிக எடை அல்லது உடல் பருமன் கொண்டவர்கள். ரத்தத்தில் இரும்புச் சத்து போதாது, இடுப்பில் எடை அதிகம். இரண்டும் ஒரே மாநிலத்தில், பல சமயம் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே உடம்பில். சோறு அதிகமாகவும் மற்றவை குறைவாகவும் இருக்கும் தட்டு உண்டாக்கும் நிலைமை இது.

"சுகர் பணக்கார வியாதி" என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. அதைக் கைவிட வேண்டிய நேரம் வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 'இண்டியாப்' ஆய்வு 2017-ல் வெளியிட்ட முடிவுகளில் தமிழ்நாட்டின் பெயர் ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது. சண்டிகர், மகாராஷ்டிரா, தமிழ்நாடு ஆகிய வளர்ந்த பகுதிகளின் நகரங்களில், வசதியானவர்களைவிட வருமானம் குறைந்தவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகமாக இருந்தது. மற்ற பல மாநிலங்களில் இது நேர்மாறு. வசதி உள்ளவர்கள் ஜிம், மில்லட், ஓட்ஸ் என்று மாறிக்கொண்டிருக்க, நகரத்து ஏழையின் தட்டு மாறவில்லை.

அதே ஆய்வுத் தொடரின் 2023 முடிவு, நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. 2025-ல் வந்த உணவுமுறை அறிக்கையின்படி இந்தியர்களுக்குக் கிடைக்கும் கலோரியில் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது, புரதத்திலிருந்து 12% மட்டுமே. மாவுச்சத்தில் வெறும் 5% அளவைப் பருப்பு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே ஆபத்து குறையும் என்கிறது அந்த அறிக்கை. 5% என்று கேட்க ரொம்பச் சின்னதாக இருக்கிறது. அதற்கு எவ்வளவு ஆகும் என்பதுதான் கேள்வி.

ரேஷன் அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம்

நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி இலவசம். துவரம் பருப்பு 1 கிலோ, 30 ரூபாய்க்கு. பாமாயில் 1 லிட்டர், 25 ரூபாய்க்கு. சர்க்கரை தலைக்கு அரை கிலோ வீதம் 2 கிலோ, கிலோ 25 ரூபாய்க்கு.

இதை ஒரு ஆளுக்கு, ஒரு நாளைக்கு என்று பிரித்தால் அரிசி சுமார் 166 கிராம் வருகிறது. பருப்பு எட்டு கிராம் சொச்சம். சர்க்கரை கிட்டத்தட்ட 17 கிராம்.

இப்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம் போதும். பருப்பு, முட்டை, இறைச்சி எல்லாம் சேர்ந்து 85 கிராம் வேண்டும். காய்கறி, கீரை 400 கிராம். பழம் 100 கிராம். பால் 300 மில்லி.

ஆக, தேவையான தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு சும்மா தருகிறது. பருப்பு வகையில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மலிவு விலைக்கு. காய்கறி, பழம், பால், முட்டையில் பூஜ்யம். தருகிற பருப்பைப் போல இரண்டு மடங்கு சர்க்கரை. சொல்லப்போனால், ரேஷனில் 'சர்க்கரை அட்டை' என்றே ஒரு வகை உண்டு. அரிசி வேண்டாம் என்பவர்களுக்கு அதற்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை கிடைக்கும். 'பருப்பு அட்டை', 'முட்டை அட்டை' என்று எதுவும் கிடையாது. சர்க்கரை அபூர்வமாகக் கிடைத்த காலத்தில் உருவான ஏற்பாடு அது. அந்தக் காலம் போய்விட்டது, அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

வெளியில் வாங்கினால் என்ன ஆகும்? காய்கறியின் சராசரி விலை கிலோ 40 ரூபாய் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ. 64 ரூபாய். மாதம் 1,920 ரூபாய். இது காய்கறிக்கு மட்டும்தான். பழம், பால், முட்டை எல்லாம் தனிக் கணக்கு. மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் வாடகை, கரண்ட் பில், ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் போக மிஞ்சுவதில் முதலில் வெட்டு விழுவது எங்கே என்று யோசித்தால் விடை தானாக வரும். வாடகையைக் குறைக்க முடியாது. பொரியலைக் குறைக்க முடியும்.

இலவச அரிசியைக் குறை சொல்வதா?

இல்லை. 2008-ல் கிலோ ஒரு ரூபாய், 2011-லிருந்து இலவசம் என்று வந்த அரிசிதான் இந்த மாநிலத்தில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டது. 'ஏழை யார்' என்று சல்லடை போட்டுச் சலிக்காமல் எல்லோருக்கும் ரேஷன் என்ற ஏற்பாடும் இங்கே கடைசிவரை கைவிடப்படவில்லை. சல்லடை போட்ட மாநிலங்களில் உண்மையான ஏழைகளே பட்டியலிலிருந்து விடுபட்டார்கள். அரிசியை நிறுத்து என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களாக இருக்க மாட்டார்கள்.

பிரச்னை வேறு. அரிசிக்கு அடுத்தது என்ன என்று யோசித்த வேகம் குறைந்துவிட்டது. 2007-ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் என்ற பெயரில் பருப்பும் பாமாயிலும் ரேஷனுக்குள் வந்தன. ரேஷன் கடை என்றால் அரிசி, சர்க்கரை, மண்ணெண்ணெய் என்ற பழைய எண்ணத்தை உடைத்த நல்ல முயற்சி அது. அதற்குப் பிறகு பெரிய அடி எதுவும் எடுத்து வைக்கப்படவில்லை.

சின்னதாக ஒன்று நடந்தது. 2023-ல் நீலகிரி, தர்மபுரி மாவட்டங்களில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து விவசாயிகளிடமே கொள்முதல். உள்ளூரில் விளைவதை உள்ளூரில் சாப்பிடுவது என்ற அளவில் அருமையான யோசனை. ஆனால் தானியத்துக்குப் பதில் இன்னொரு தானியம்தான். களி கிண்டினாலும் தொட்டுக்கொள்ளக் கீரை வேண்டுமே.

"காய்கறியை ரேஷனில் விற்க முடியுமா?" ஏற்கெனவே விற்றார்கள்

காய்கறி அழுகிவிடும், ரேஷன் கடையில் குளிர்பதன வசதி கிடையாது, எடை போடவே ஆள் இல்லை. இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் பதில்கள் இவை. மூன்றுமே உண்மை.

ஆனால் 2023 ஜூலையில் தக்காளி விலை கிலோ 100 ரூபாயைத் தாண்டி எகிறியபோது என்ன நடந்தது? சென்னையில் 82 ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்பனைக்கு வந்தது. சில நாட்களிலேயே அது மற்ற ஊர்களுக்கும் போனது. அதற்காகப் புதுக் கட்டடமோ குளிர்பதனக் கிடங்கோ கட்டவில்லை. கூட்டுறவுத் துறை கொள்முதல் செய்தது, கூடை வந்தது, தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். காலையில் வந்த கூடை அன்றே தீர்ந்தால் அழுகுவதற்கு நேரம் ஏது?

தக்காளி விலை செய்தியாகும்போது மட்டும் இப்படி ஓர் அவசர ஏற்பாடு நடக்கிறது. விலை இறங்கியதும் கூடை திரும்பிப் போய்விடுகிறது. அழுகிப்போகும் வெண்டைக்காயை எடுத்ததும் ரேஷனில் விற்கச் சொல்ல வேண்டியதில்லை. பத்து, பதினைந்து நாள் தாங்கும் வெங்காயம், உருளை, பூசணி, சேனை, முட்டைக்கோஸ் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மொச்சை, தட்டைப்பயறு எல்லாம் மாதக்கணக்கில் கெடாது. அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு மூட்டைக்கு இடம் இருந்தால் போதும்.

இன்ஸ்டாகிராமில் 'ஹெல்தி' என்று தேடினால் அவகாடோ டோஸ்ட்டும் கீன்வா சாலடும் வருகின்றன. முருங்கைக்கீரையைக்கூடப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து, கொல்லையில் சும்மா கிடைத்த பொருளை நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு அவித்த முட்டை, கொஞ்சம் வேர்க்கடலை, ஒரு கீரைக் கூட்டு. சத்துக்கு இது போதும். மலிவாக்க வேண்டியதும் இதைத்தான்.

கடை இருக்கிறது, நேரம்தான் இல்லை

விலையோடு சேர்ந்து வரும் இன்னொரு சிக்கல், நல்ல உணவு கையெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்பது. 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. இப்போது மாநிலம் முழுக்க 180-க்கு மேல் இருக்கின்றன. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை கிடையாது, இடைத்தரகர் கிடையாது. மொத்த விலையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடக் குறைவாகவும் தினமும் விலை எழுதி வைப்பார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். கால் நூற்றாண்டாக ஓடுகிற, உலகத்துக்கே காட்டக்கூடிய திட்டம்.

ஆனால் அது விடியற்காலையில் கூடி, பெரும்பாலும் மதியத்துக்குள் கலைந்துவிடும். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு எட்டரைக்குள் போக வேண்டிய பெண்ணோ, ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இரவு வந்து இறங்கும் இளைஞரோ எப்போது அங்கே போவது? அவர்கள் வரும் நேரத்துக்குத் திறந்திருப்பது பரோட்டாக் கடையும் ஃபாஸ்ட் ஃபுட் வண்டியும்தான். ஓ.எம்.ஆர். பக்கம் பி.ஜி.யில் தங்கியிருக்கும் ஐ.டி. ஊழியர்களுக்கும் இந்த நிலைமை புதிதல்ல. சம்பளம் மட்டும்தான் வேறு. காய்கறியைப் பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தரும் செயலி அவர்கள் போனில் இருக்கலாம், சமைக்க அடுப்பு அறையில் இருக்காது.

சமைக்க நேரமோ இடமோ இல்லாதவர்களுக்கு இங்கே ஏற்கெனவே ஒரு விடை உண்டு. 2013-ல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். ஆட்டோ ஓட்டுநர், கட்டடத் தொழிலாளி, மருத்துவமனைக்கு வந்த நோயாளியின் உறவினர் என்று எத்தனையோ பேரின் பசியை ஆற்றிய இடம். பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். இட்லி, பொங்கல், சாதம், சாதம், சப்பாத்தி. மாவுச்சத்துக்குத் துணையாகப் பொரியலோ சுண்டலோ முட்டையோ கிடையாது. ஒரு முட்டையும் ஒரு கரண்டிப் பொரியலும் பத்துப் பதினைந்து ரூபாய்க்குச் சேர்த்தால் அங்கே சாப்பிடுபவர் மறுக்கப் போவதில்லை. கட்டடம் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, மகளிர் சுய உதவிக் குழுவினர் இருக்கிறார்கள். அரசியல் கட்சிகளின் பெயர்ச் சண்டையில் மெனுவை யாரும் கவனிக்கவில்லை.

பிரேசிலின் பெலோ ஓரிசோன்ச்சி நகரம் இதே பிரச்னையை 1993-லிருந்து வேறு விதத்தில் கையாள்கிறது. மலிவு விலை உணவகங்களோடு, நகரின் நல்ல இடங்களைக் காய்கறி வியாபாரிகளுக்குக் குறைந்த வாடகைக்குத் தருகிறது மாநகராட்சி. அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட சில காய்கறி, பழங்களை மாநகராட்சி சொல்லும் விலைக்கே விற்க வேண்டும். மற்றதை அவர்கள் விருப்பப்படி விற்கலாம். எல்லாவற்றையும் அரசே சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு இது ஓர் உதாரணம். பேருந்து நிலையம், மெட்ரோ வாசல் என்று சென்னையில் அப்படிக் கொடுக்கக்கூடிய இடங்களுக்குப் பஞ்சமா என்ன?

11-ஆம் வகுப்பில் நின்றுபோகும் முட்டை

சத்தான உணவை லட்சக்கணக்கானவர்களுக்குத் தினமும் கொடுக்க முடியுமா என்ற சந்தேகம் வேறு எந்த மாநிலத்துக்கு வந்தாலும் தமிழ்நாட்டுக்கு வரக்கூடாது. சத்துணவில் முட்டை 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது. 1998-ல் வாரம் ஒன்று. பிறகு இரண்டு, மூன்று என்று ஏறி 2010-ல் வாரம் ஐந்து. ஆட்சிகள் மாறின, முட்டையின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கலோடு காய்கறி சாம்பார் கட்டாயம்.

ஆனால் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. ரத்தசோகை அதிகமாகத் தாக்கும் வயதில், பிளஸ் ஒன் படிக்கும் பெண்ணின் தட்டிலிருந்து முட்டை காணாமல் போகிறது. அவள் அம்மாவுக்கு அது எப்போதுமே வந்ததில்லை. பள்ளிக்கூடத்து வாசல்வரை சத்து, அதைத் தாண்டினால் அரிசி என்று ஒரு கோடு போட்டது போல இருக்கிறது.

வரி யார் பக்கம்?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பிஸ்கட், சாக்லெட், ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்கு 18% இருந்தது 5% ஆனது. பாக்கெட் மிக்சர், முறுக்கு வகைகள் 12-லிருந்து 5%. பனீருக்கு வரி நீக்கம், பாதாம், பிஸ்தாவுக்கு 12-லிருந்து 5% என்று நல்ல மாற்றங்களும் அதே பட்டியலில் இருந்தன. சர்க்கரை சேர்த்த குளிர்பானத்துக்கு 40% தொடர்கிறது. மொத்தத்தில் பார்த்தால், ஏற்கெனவே மலிவாக இருந்த பெட்டிக்கடைப் பாக்கெட்டுகளுக்கு இன்னும் சலுகை. பண்டிகைக் காலத்து மகிழ்ச்சியில் சுகாதாரக் கோணத்தில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேச்சே எழவில்லை.

எதிர்த் திசையில் போன நாடுகளும் உண்டு. மெக்சிகோ 2014-ல் இனிப்புப் பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரியும், கலோரி மிகுந்த நொறுக்குத் தீனிக்கு 8% வரியும் போட்டது. விற்பனை குறைந்தது. கேரளம் 2016-ல் பர்கர், பீட்சாவுக்கு 14.5% 'கொழுப்பு வரி' போட்டது. மறுவருஷம் ஜி.எஸ்.டி. வந்ததும் அது காலாவதியானது. இப்போது மாநிலங்கள் நினைத்தாலும் தனியாக இப்படி வரி போட வழியில்லை.

வரி மட்டும் போட்டால் போதும் என்று நினைப்பதும் ஆபத்து. பத்து ரூபாய் பிஸ்கட் பன்னிரண்டு ரூபாய் ஆனால், அதைச் சாப்பிட்டுப் பசியாற்றிய குழந்தைக்கு அதே விலையில் வேறு ஏதாவது கிடைக்க வேண்டும். இல்லையென்றால் ஏழைக்குக் கூடுதல் செலவு மட்டும்தான் மிச்சம். சுண்டலை மலிவாக்கிவிட்டு அப்புறம் பிஸ்கட்டைக் கைவைப்பதுதான் நியாயமான வரிசை.

சரி, காசுக்கு எங்கே போவது?

நோய் வந்த பிறகு அரசு செலவு செய்யாமலா இருக்கிறது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம் அது, பெருமைப்பட வேண்டியதுதான். மாத்திரை, டயாலிசிஸ், காப்பீடு என்று வருஷா வருஷம் ஏறும் செலவு அது. அதோடு ஒப்பிட வேண்டிய கணக்கு இன்னொன்று.

ரேஷனில் பருப்பை ஒரு கிலோவிலிருந்து இரண்டு கிலோவாக்கினால் என்ன ஆகும்? கூடுதல் கிலோவுக்கு அரசு 70 ரூபாய் மானியம் தர வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 2.2 கோடி அட்டைகளுக்கு மாதம் 154 கோடி ரூபாய், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,850 கோடி. பெரிய தொகைதான். முதல் கட்டமாக முன்னுரிமை அட்டைகளுக்கு மட்டும் என்றால், அவை சுமார் 1.1 கோடி. ஆண்டுக்கு 925 கோடிக்குப் பக்கத்தில் முடியும். உணவு மானியத்துக்கு இந்த மாநிலம் ஆண்டுதோறும் ஒதுக்குவது 10,000 கோடி ரூபாய்க்கு மேல்.